ஒத்தை ஸ்பேனரும் ஒரு சுத்தியலும்

என் பங்காளி மகன் ஒருத்தன் சென்னையில இருக்கான். போன மாசம் சைக்கிள் வாங்கினவன், போன் போட்டு, "சித்தப்பா, வீட்டுலயே ரிப்பேர் பாக்க டூல் கிட் வாங்கலாம்னு இருக்கேன். நாப்பத்துச் சொச்சம் சாமான் இருக்குற பெட்டி ஒண்ணு, எட்டே சாமான் இருக்குற பெட்டி ஒண்ணு. எதை வாங்கட்டும்?"னு கேட்டான். ரெண்டையும் வாங்காதேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும். போன்ல சொல்ல முடியல, அதனால இங்க எழுதுறேன்.

சைக்கிளுக்கு என்ன ஆயுதம் வேணும்ங்கிறதை நாம முடிவு பண்றதில்ல. சைக்கிள் எந்தக் காலத்துல, எந்த ஊர்ல பிறந்ததோ, அது முடிவு பண்ணிடும். உழவுக்கு வந்த டிராக்டரைப் பாத்து ஸ்பேனர் வாங்குற மாதிரிதான் இதுவும்.

இங்கிலாந்துல கோவென்ட்ரின்னு ஒரு ஊர். 1860-கள்ல அங்க ஒரு தையல் மெஷின் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி 1860-களின் கடைசியில சைக்கிள் பக்கம் திரும்பிச்சு. அங்க வேலை பாத்த ஜேம்ஸ் ஸ்டார்லியோட அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-ல ரோவர்னு ஒரு சைக்கிளைக் கொண்டாந்தார். அதுவரைக்கும் முன் சக்கரம் ஆள் உசரத்துக்கும் பின் சக்கரம் தட்டு அளவுக்கும் இருந்த சைக்கிள், அதுக்கப்புறம்தான் ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவா, பின் சக்கரத்துக்குச் செயின் போட்டு, இன்னிக்கு நாம ஓட்டுற உருவத்துக்கு வந்துச்சு. அதுல ஓடுற உருளைச் செயினை மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்ட்ங்கிறவர் 1880-லயே செஞ்சு வச்சிருந்தார். 1888-ல பெல்ஃபாஸ்ட்ல டன்லப்ங்கிற மாட்டு வைத்தியர் தன் பையனோட மூணு சக்கர வண்டிக்குக் காத்தடைச்ச டயரைப் போட்டார். பஞ்சர்ங்கிற சொல்லுக்கும் நமக்கும் உறவு ஆரம்பிச்சது அன்னிக்குத்தான். மாட்டு வைத்தியர் கண்டுபிடிச்சதாலோ என்னவோ, நம்ம ஊர் மாட்டு வண்டிக்காரங்களும் பின்னாடி டயர் வண்டிக்கு மாறிட்டாங்க.

தையல் மெஷின் கதையை வீணாச் சொல்லல. இன்னிக்கும் வீட்டுச் சைக்கிளுக்கு மலிவா, லேசா, எங்கேயும் கிடைக்கிற எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய்தான். ரெண்டும் ஒரே பட்டறையில பிறந்த அக்கா தங்கச்சி மாதிரி.

அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிள்கள் நம்ம ஊருக்குக் கப்பல்ல வந்துச்சு. நாட்டிங்ஹாம்ல செஞ்ச ராலே, பர்மிங்ஹாம்ல செஞ்ச ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இந்த பி.எஸ்.ஏ. அடிப்படையில துப்பாக்கிக் கம்பெனி. மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு நிறுத்தி வச்சதுதான் அவங்க அடையாளமே. துப்பாக்கி செய்யறவன் கையில அளவு தப்பாது. ஒருத்தன் செஞ்ச நட்டு இன்னொருத்தன் செஞ்ச போல்ட்ல ஏறணும். சைக்கிள் மரைக்குன்னு 1900-களின் தொடக்கத்துல அங்க இன்ஜினியர்கள் சங்கம் கூடி அளவு வச்சாங்க. பெரும்பாலான இடத்துல அங்குலத்துக்கு 26 மரை. எந்தக் கம்பெனிச் சைக்கிளா இருந்தாலும் பெரும்பாலான சாமான் மாத்திப் போடலாம்ங்கிற நிலைமை அப்படித்தான் வந்துச்சு.

அப்ப வித்த நல்ல சைக்கிள்ல சீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னத் தோல் பை தொங்கும். உள்ளே ஒரு ஸ்பேனர், டயர் கழட்டுற லீவர், ஒரு குட்டி எண்ணெய் டப்பா, பஞ்சர் ஒட்டுற சாமான். ஃபிரேமோட ஒட்டி ஒரு பம்பு. அவ்வளவுதான். கம்பெனிக்காரனே வச்சுக் கொடுத்த வீட்டு டூல் கிட் அது. எட்டு சாமான்கூட இருக்காது. ஏன் அவ்வளவு கம்மின்னா, அந்தச் சைக்கிளே அப்படிச் செஞ்சது. டவுன்ல மெக்கானிக் இல்லாத சாலையில நின்னுட்டா, ஓட்டுறவனே ரெண்டு கையால சரி பண்ணிக்கணும்னு நினைச்சுப் பண்ணினது.

சுதந்திரத்துக்கு அப்புறம் சைக்கிளை நாமளே செய்ய ஆரம்பிச்சோம். 1949-ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூர்ல ஆலை போட்டாங்க. 1951-ல சோனிபட்ல அட்லஸ். 1956-ல லூதியானாவுல முஞ்சால் சகோதரர்களோட ஹீரோ. பேர் மாறிச்சு, ஊர் மாறிச்சு, சைக்கிள் மாறல. அதே 28-க்கு ஒன்றரை டயர், முன்னாடி 32 போக்ஸ் கம்பி, பின்னாடி 40, கம்பி இழுத்துப் பிடிக்கிற ராடு பிரேக், செயினை மூடுற தகரக் கவர். இங்கிலாந்துக்காரன் அந்த மாடலை விட்டுட்டு வேற பக்கம் போனப்புறமும் நம்ம ஊர்ல அது ஓடுச்சு. மேடு பள்ளம், மூணு பேர் சவாரி, ரெண்டு மூட்டை நெல்லு, பால் கேன், வைக்கோல் கட்டு எல்லாத்தையும் தாங்கினது அது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோவோட சைக்கிளும் கேட்ட காலம்.

இப்ப எங்க ஊர் சைக்கிள் கடைக்கு வாங்க. உங்க ஊர்லயும் ஒண்ணு இருந்திருக்கும்.

கீத்துக் கொட்டகை. முன்னால புளியமரம். மரத்துக் கிளையில ஒரு கயிறு தொங்கும், அதுல கொக்கி. சைக்கிளோட சீட்டை அந்தக் கொக்கியில மாட்டித் தூக்கினா, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிடும். இன்னிக்கு ஆயிரக்கணக்குல விக்கிற ஸ்டாண்டு செய்யற வேலை அவ்வளவுதான். தரையில ஒரு சிமெண்டுத் தொட்டி, பாதித் தண்ணி. ஒரு பழைய டால்டா டப்பாவுல மண்ணெண்ணெய், அதுக்குள்ள கழட்டின குண்டுகள் ஊறும். பால்ரஸ்னு சொல்லுவாங்க. ஒரு மரப் பலகையில ஆணி அடிச்சு, ஆணிக்கு ஒரு ஸ்பேனர். அதுல பாதி ஆணி காலியாத்தான் இருக்கும். எல்லா வேலையும் ஒரே ஒரு ஸ்பேனர்லதான் நடக்கும். ரெண்டு முனையும் உருண்டையா, உருண்டையைச் சுத்தி அளவு அளவா ஓட்டை இருக்குமே, அது. மிச்சம் ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஒரு திருப்புளி, போக்ஸ் கம்பி முறுக்குற சின்னச் சாவி, ஒரு அரம், ரெண்டு டயர் லீவர், தரையில ஊனி மிதிச்சு அடிக்கிற பெரிய பம்பு. இதை வச்சு ஒரு மனுஷன் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினார். ரெண்டு பொண்ணு கல்யாணம் அந்தச் சுத்தியல்லதான் நடந்துச்சு.

அவர் பஞ்சர் ஒட்டுறதைப் பாக்கவே பசங்க குந்துவோம். டியூபை வெளியே எடுத்துக் காத்தடிச்சு, தொட்டித் தண்ணியில முக்கி, கை கையா நகர்த்திக்கிட்டே போவார். முட்டை முட்டையாக் கொப்புளம் வர்ற இடத்துல ஒரு குச்சியைச் சொருகி அடையாளம் வைப்பார். துடைச்சு, காய வச்சு, அரத்தால தேய்ச்சு, சொலுஷன் தடவி, ஊதி ஊதிக் காய விடுவார். பழைய டியூப்ல கத்திரியால வட்டமா வெட்டின ஒட்டு, அதுக்கும் சொலுஷன். ரெண்டும் விரல்ல ஒட்டியும் ஒட்டாமலும் இருக்குற பதத்துக்கு வந்தப்புறம்தான் சேர்த்து அமுக்கி, சுத்தியலால தட்டுவார். "ஈரத்துல ஒட்டினா பொண்டாட்டி புருஷன் சண்டை மாதிரி தம்பி, சாயந்திரமே பிரிஞ்சிடும்"பார். அதோட முடியாது. டயருக்கு உள்ளே விரலை விட்டு ஒரு சுத்துச் சுத்துவார். முள்ளு அங்கேயே இருந்தா, ஒட்டினது எல்லாம் தண்டம். வீட்டுல பஞ்சர் ஒட்டுறவங்க பத்துக்கு எட்டுப் பேர் இந்த ஒரு வேலையை விட்டுடுறாங்க.

மணிக் கணக்குல வாடகைச் சைக்கிளும் அங்கேதான். நோட்டுல பேரு, எடுத்த நேரம். கால் எட்டாத பையன்கள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டது எல்லாம் அந்த வாடகைச் சைக்கிள்லதான்.

எங்க புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1991-ல இங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா ஷீலா ராணி சுங்கத் இருந்தாங்க. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறதோட பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுக்கிறதையும் சேர்த்துக்கிட்டாங்க. கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடி ஊழியர்கள்னு ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பத்தி எழுதி, வெளி உலகத்துக்கும் தெரிஞ்சது. லேடீஸ் சைக்கிள் போதாம, பாரு வச்ச ஆம்பளைங்க சைக்கிளையே பெண்கள் வாங்கினதும் நடந்துச்சு. ஊர் கேலி பேசினதும் உண்மை, ரெண்டு வருஷத்துல அந்தக் கேலி அடங்கினதும் உண்மை.

ஆனா அந்த வரலாற்றை எழுதினவங்க ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கூடுதலா எழுதியிருக்கலாம்னு எனக்குத் தோணும். ஓட்டக் கத்துக்கிட்ட பெண்களோட கைக்கு ஸ்பேனர் போச்சா? ஆம்பளைங்க குந்தியிருக்குற சைக்கிள் கடைக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் நிக்கிறது லேசான காரியம் இல்ல அப்ப. எங்க பெரியம்மா மருமக தன் சைக்கிளை நாத்தனார் மகன் கிட்டக் கொடுத்துதான் அனுப்பும். அவன் பள்ளிக்கூடம் போயிட்டா, அன்னிக்கு நடைதான்.

கடை எப்படி மூடிச்சுங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சுருக்கமாச் சொல்லிடுறேன். 1980-ல டி.வி.எஸ். 50 வந்துச்சு. பால்காரர் முதல்ல மாறினார், அப்புறம் வாத்தியார், அப்புறம் எல்லாரும். 1990-கள்ல பெருத்த டயர் வச்ச ரேஞ்சர் மாதிரி சைக்கிள் வந்து பசங்க அதுக்கு மாறினாங்க. அதுல சாமான் வேற, அளவு வேற. 2000-களின் தொடக்கத்துல இருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. முதல்ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, சில வருஷத்துலயே எல்லாருக்கும். நல்ல திட்டம், சந்தேகமே இல்ல. சைக்கிள் எண்ணிக்கை ஊருக்குள்ள கூடிச்சு. ஆனா அதைப் பாக்குற கை குறைஞ்சு போச்சு. எங்க கடைக்காரர் கண்ணு மங்கி வீட்டுல உக்காந்தப்புறம், அந்தக் கொட்டகையில இப்ப செல்போனுக்கு ரீசார்ஜ் பண்றாங்க. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம்னு சொல்ற அதே நாள்ல, சாகிபாபாத்ல அட்லஸோட கடைசி ஆலையும் நின்னுபோச்சு.

இப்ப ஒரு பஞ்சர்னா எங்க ஊர்ல இருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போகணும். அங்க இருக்குற பைக் மெக்கானிக் சைக்கிளைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்குவார். அவரைக் குத்தம் சொல்லல, அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால பத்து ரூபா வேலைக்காக ஒரு சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவத்துல சாயுது. ஒரு மழைக்காலம் போனா செயின் துருப்பிடிக்கும், இன்னொண்ணு போனா பழைய இரும்புக்காரன் தராசுல ஏறிடும். பதினொண்ணாம் வகுப்புப் பொண்ணு பஸ்ஸுக்காக நிக்கும். சாயந்திர பஸ் வராத நாள்ல அதோட அம்மாவுக்கு வயித்துல நெருப்பு. வீட்டுல டூல் கிட் வைக்கிறது பட்டணத்துல பொழுதுபோக்கா இருக்கலாம். இங்க அப்படி இல்ல.

சரி, என்ன வாங்குறது? முதல்ல உங்க சைக்கிள் எந்தப் பரம்பரைன்னு பாருங்க.

நான் சொன்ன பழைய கறுப்புச் சைக்கிள்னா, அந்தத் தோல் பைதான் உங்க டூல் கிட். பல ஓட்டை ஸ்பேனர் ஒண்ணு, திருப்புளி, குறடு, டயர் லீவர் ரெண்டு, பஞ்சர் சாமான், பம்பு. கூடவே வால்டியூப் கொஞ்சம். அந்த டியூப் வாயில காத்து வெளியேறாம அடைக்கிறது ஒரு சின்ன ரப்பர் குழாய்தான். பஞ்சர்னு நினைச்சு டயரைக் கழட்டுறதுக்கு முன்னால, வாயில எச்சில் தொட்டு வச்சுப் பாருங்க. கொப்புளம் வந்தா வால்டியூப் போயிருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. பெடல் கட்டை ஆடினா காட்டர் பின் தேஞ்சிருக்கும். நட்டைக் கழட்டி, மரையில நேரா அடிக்காம மேலே ஒரு மரத்துண்டை வச்சு, கீழே ஒரு இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து, சுத்தியலால ஒரே அடி. பொத்திப் பொத்திப் பத்து அடி அடிச்சா பின் வளைஞ்சு, அப்புறம் கடைதான்.

கியர் இல்லாத புதுச் சைக்கிள், பள்ளிக்கூடத்துல கொடுத்த சைக்கிள்னா, சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர். பிரேக் வயருக்கு 8, 9, 10. நட்டுல ஒரு தடவை வச்சுப் பாத்துட்டு அந்த அளவு மட்டும் தனித்தனியா வாங்குங்க. திருகி அளவு மாத்துற ஸ்பேனரை மட்டும் நம்பாதீங்க, அது நட்டோட மூலையைத் தின்னுடும்.

கியர் சைக்கிள்னா உங்களுக்கு வேணுங்கிறது ஆலன் சாவி. 1910 வாக்குல அமெரிக்காவுல ஹார்ட்ஃபர்ட் நகரத்துல ஆலன்ங்கிறவர் தலை வெளியே துருத்தாத திருகாணியைச் செஞ்சு வித்தார். பட்டறையில ஓடுற பெல்ட்டுல ஆளோட சட்டை மாட்டிக்கக் கூடாதுங்கிறதுக்காக வந்த சாமான் இன்னிக்கு உங்க ஹேண்டில்பார்ல உக்காந்திருக்கு. 4, 5, 6 இந்த மூணும் பெரும்பாலான வேலைக்குப் போதும். இதுல மட்டும் காசு பாக்காதீங்க. மட்டமான சாவி முனை மழுங்கி, ஆணியோட குழியையும் உருண்டையாக்கிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். செயினைப் பிரிக்க, ஊசி தள்ளுற சின்னக் கருவி ஒண்ணு. கியர் இல்லாத சைக்கிள்ல அது பெரும்பாலும் வேண்டாம், அதோட செயின்ல ஒரு லாக்கு இருக்கும், குறடால தள்ளினா வந்துடும். திரும்ப மாட்டும்போது லாக்கோட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கணும்.

பம்பு வாங்குறதுக்கு முன்னால டியூப் வாயைப் பாருங்க. பழைய டன்லப் வாய், கார் பைக்ல இருக்குற தடிச்ச வாய், மெலிசா நீட்டமா இருக்குற வாய்னு மூணு ரகம். ரெண்டு மூணு ரகத்துக்கும் பொருந்துற தலையோட, கடிகாரம் வச்ச கால் பம்பு கிடைக்கும். எவ்வளவு காத்துன்னு டயரோட பக்கவாட்டுலயே எழுதியிருக்கும். ஒட்டுமொத்தச் செலவுல பாதி பம்புக்குப் போனாலும் பரவாயில்ல. மத்த சாமானை மாசத்துக்கு ஒரு தரம் தொடுவீங்க, இதை வாரா வாரம் தொடுவீங்க.

செயின் தேஞ்சுபோச்சான்னு பாக்க ஒரு கருவி விக்கிறாங்க. வேண்டாம். உலகம் முழுக்க மில்லிமீட்டருக்கு மாறினப்புறமும் சைக்கிள் செயின்ல ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி அரை அங்குலம்தான், கியர் சைக்கிள்லயும் அதேதான். அங்குலம் போட்ட நீளமான ஸ்கேலை ஒரு ஊசியோட நடுவுல வைங்க. இருபத்தி நாலாவது இடைவெளி முடியற ஊசி சரியா 12 அங்குலத்துல நின்னா செயின் நல்லா இருக்கு. பதினாறுல ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு போயிடுச்சுன்னா பல் சக்கரத்தையும் அது தின்னிருக்கும், செலவு ரெட்டிப்பு.

வாங்க வேண்டாதது: நாப்பது சாமான் பெட்டி. அதுல ஃப்ரீவீல் கழட்டுற ரகம் ரெண்டு, மூணு இருக்கும், உங்க சைக்கிளுக்குப் பொருந்துறது இருக்காது. போக்ஸ் கம்பிச் சாவியை வாங்கலாம், மலிவுதான், ஆனா கோட்டம் எடுக்குறதை ஒரு பழைய சக்கரத்துல பழகிட்டு வாங்க. ஸ்டாண்டும் வேண்டாம். கொல்லைப்புற உத்திரத்துல கயிறு கட்டிச் சீட்டைத் தூக்குங்க. ஃபிளாட்ல உத்திரம் இல்லேன்னா துணி காயப்போடுற கொக்கி தாங்குமான்னு முதல்ல பாத்துக்கங்க. தேங்காய் எண்ணெயைச் செயினுக்கு விடாதீங்க, தூசியோட சேர்ந்து பிசின் ஆயிடும். முதல்ல மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியால துடைச்சு, காய்ஞ்சப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைச்சிடணும். மழையில நனைஞ்சா மறுபடியும்.

இடது பெடலைக் கழட்டும்போது மட்டும் ஞாபகம் வைங்க, அதுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகாரம் சுத்துற திசையில திருகினாத்தான் கழலும். பலசாலிங்க நிறையப் பேர் அதை இறுக்கி இறுக்கியே உடைச்சிருக்காங்க.

எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள அடக்கிடலாம், பழைய இரும்புக் கடையில ஸ்பேனர் பொறுக்கத் தெரிஞ்சா இன்னும் கம்மி. சாமானைப் பிளாஸ்டிக் பெட்டியில மூடி வைக்காதீங்க, ஈரம் தங்கும். எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியில சுருட்டித் திண்ணை மாடத்துல வைக்கிறதுதான் எங்க வீட்டு வழக்கம். போன வாரம் அந்தச் சுருட்டு மாடத்துல இல்ல. தேடினா, எதிர் வீட்டுப் பதினொண்ணாம் வகுப்புப் பொண்ணு வாசல்ல சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, வாயில சொலுஷன் மூடியைக் கடிச்சுக்கிட்டு, டயருக்குள்ள விரலை விட்டு முள்ளுத் தேடிக்கிட்டு இருந்துச்சு.